கொடிவழி எழுதும் பேனா: ஜோன் டீமோஸின் நூலை முன்வைத்துச் சில குறிப்புகள்

இந்த நூலை நான் இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை, ஒரு தமையனோடு சேர்ந்து அவனது தங்கையின் வருகைக்காகக் காத்திருந்தேன். பக்கங்கள் புரளப் புரள, இந்த முறையாவது அவள் தங்கிவிட மாட்டாளா என்று மனம் ஏங்கிற்று. ஒவ்வொரு முறையும் அவள் வந்தாள். ஒவ்வொரு முறையும் திரும்பிப் போனாள். நூலை மூடியபோது அவள்மீது எனக்குச் சின்னதாய் ஒரு கோபம்கூட இருந்தது. சில மாதங்கள் கழித்து மீண்டும் வாசிக்கையில் அந்தக் கோபத்தை நினைத்து வெட்கப்பட்டேன். அவள் திரும்பிப் போனது தன் வீட்டுக்கு. அதை வீடு என்று ஏற்க மறுக்கும் கண்ணை எனக்குத் தந்தது எது? இக்குறிப்புகள் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவை.

நூலின் பெயர் 'தி அன்ரிடீம்ட் கெப்டிவ்'. தமிழில் 'மீட்கப்படாத கைதி' எனலாம். ஆதி அமெரிக்காவின் ஒரு குடும்பக் கதை என்பது அதன் துணைத்தலைப்பு. 1994 இல் வெளிவந்து, மறு ஆண்டு பிரான்சிஸ் பார்க்மன் பரிசைப் பெற்றது. ஆசிரியர் ஜோன் டீமோஸ் யேல் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர். பிளிமத் குடியேற்றத்தின் குடும்ப வாழ்க்கையைப் பற்றி 1970 இலும், நியூ இங்கிலாந்தின் சூனியக் குற்றச்சாட்டுகளைப் பற்றி 1982 இலும் அவர் எழுதிய நூல்கள் ஆய்வுலகில் பேசப்பட்டவை. அமெரிக்க எல்லைப்புறக் குடும்பமொன்றின் கொடிவழியைத் தொடரும் இந்த நூல், அவற்றைவிடப் பரந்த வாசகரைச் சென்றடைந்தது.

நிகழ்ச்சி இதுதான். மசச்சூசெட்ஸின் மேற்கு எல்லையில் டியர்ஃபீல்ட் என்றோர் ஆங்கிலேயக் குடியிருப்பு. பிரித்தானியாவும் பிரான்சும் போரிட்டுக்கொண்டிருந்த காலம். 1704 பெப்ரவரி 29 ஆம் திகதி விடியுமுன்னர், கனடாவிலிருந்து பனியில் நடந்து வந்த பிரெஞ்சுக்காரரும் அபெனாக்கி, மொஹோக் முதலிய பூர்வகுடிகளும் ஊரைத் தாக்கினர். சுமார் ஐம்பது பேர் மாண்டனர். 112 பேர் கைதிகளாயினர். ஊரின் மதகுரு ஜோன் வில்லியம்ஸின் வீடு தாக்குதலின் முக்கிய இலக்குகளுள் ஒன்று. அவரது ஆறு வயது மகனும் பிறந்து ஆறு வாரமேயான பெண் குழந்தையும் வாசலிலேயே கொல்லப்பட்டனர். பிரசவத்தின் பின் உடல் தேறாதிருந்த மனைவி, மறுநாள் ஓர் ஆற்றைக் கடக்கையில் விழுந்து நடக்க இயலாதவரானபோது கொல்லப்பட்டார். எஞ்சியோர் ஏறத்தாழ 300 மைல் நடத்திச் செல்லப்பட்டனர்.

1706 இறுதிக்குள் தந்தையும் எஸ்தர், சாமுவேல், ஸ்டீவன், வார்ஹம் ஆகிய நான்கு பிள்ளைகளும் மீண்டு வந்துவிட்டனர். வராதவள் ஒருத்தி. கைதாகும்போது ஏழு வயதாயிருந்த யூனிஸ். மொன்றியலுக்கு அருகே கானவாகே என்ற கத்தோலிக்க மொஹோக் கிராமத்தில் ஒரு குடும்பம் அவளைத் தத்தெடுத்துக்கொண்டது. 1713 இல் அரோசன் என்ற மொஹோக் இளைஞனை அவள் மணந்தாள். அதே ஆண்டு அல்பனியிலிருந்து ஜோன் ஸ்கைலர் என்பவர் அவளைச் சந்தித்துத் திரும்பி வருமாறு மன்றாடியபோது மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். தாய்மொழி அவளிடமிருந்து போய்விட்டிருந்தது. மணிக்கணக்காக அவர் பேச, அவளிடமிருந்து கிடைத்த பதில் மிகச் சுருக்கமானது. 'வேண்டாம்' என்று நேரே சொல்லாமல், 'அப்படி ஆகாதாக்கும்' என்பது போன்ற ஓர் இழுப்பு. மறு ஆண்டு தந்தையே நேரில் வந்தார். அவருக்கும் அவள் இணங்கவில்லை.

தந்தை 1707 இல் தன் சிறைவாசத்தை ஒரு நூலாக எழுதி வெளியிட்டார். 'மீட்கப்பட்ட கைதி சீயோனுக்குத் திரும்புகிறான்' என்பது அதன் தலைப்பின் பொருள். நியூ இங்கிலாந்தில் அது மிகப் பரவலாக வாசிக்கப்பட்டது. டீமோஸின் தலைப்பு அதைத் திருப்பிப் போட்டுப் பிறந்ததுதான். மீட்பு என்பது அங்கு இரட்டைப் பொருளுடைய சொல். பணயம் கொடுத்துக் கைதியை மீட்பதும் அதுவே, ஆன்மா கரையேறுவதும் அதுவே. ஒரு பியூரிட்டன் குடும்பத்துக்கு, கத்தோலிக்கத்தைத் தழுவிய மகள் இரண்டு வகையிலும் மீளாதவள். இன்கிரீஸ் மாதரின் சகோதரர் மகள் பெற்ற பிள்ளை பாதிரிமாரின் இலத்தீன் செபத்தைச் சொல்வதென்பது அன்றைய பொஸ்டனுக்குச் சாதாரண துயரமல்ல.

டீமோஸின் பெரும் பலம் அவரது நேர்மை. கதை எங்கிருந்து தொடங்குகிறது என்பதே தீர்மானிக்க இயலாத விடயம் என்று ஒப்புக்கொண்டு, பல தொடக்கங்களை வாசகர் முன் வைக்கிறார். முடிவுகளையும் அவ்வாறே பலவாக வைக்கிறார். ஆவணம் மௌனமாகும் இடங்களில் கற்பனையைத் துணைக்கு அழைக்கிறார். ஆனால் இது கற்பனை என்று வாசகருக்குத் தெரியும்படியே அழைக்கிறார். வரலாற்றுக்கும் புனைவுக்கும் இடையிலான வேலியை இரகசியமாகத் தாண்டுபவர்கள் பலர் இருக்கையில், படலையைத் திறந்துவைத்துவிட்டுத் தாண்டும் இந்தப் பண்பு மதிக்கத்தக்கது.

நூலின் உயிர்நாடி தமையன் ஸ்டீவனின் நாட்குறிப்பு. பத்து வயதில் தானும் கைதியாய்ப் போய் மீண்டவர். 1716 முதல் 1782 இல் இறக்கும்வரை லோங்மெடோ என்ற ஊரின் மதகுருவாக இருந்தவர். ஆண்டாண்டாகத் தங்கைக்காகப் பிரார்த்தித்ததை அந்தக் குறிப்புகளில் எழுதிவைத்தார். 1740 இல், பிரிந்து 36 ஆண்டுகளின் பின், அல்பனியில் அவர்கள் சந்தித்தார்கள். நடுவே மொழிபெயர்ப்பாளர். அதன் பிறகு 1741, 1743, 1761 என்று அவள் கணவனோடும் உறவினரோடும் நியூ இங்கிலாந்துக்கு வந்து போனாள். 1741 இல் அவள் முன்னிலையிலேயே உறவினரான சொலமன் வில்லியம்ஸ் ஒரு பிரசங்கம் செய்தார். அவளது வருகையைக் குடும்பத்தின் பிரார்த்தனைக்குக் கிடைத்த பலனாக அவர் கண்டார். அந்தப் பிரசங்கம் அச்சிலும் வந்தது. அவளுக்கு விளங்காத மொழியில், அவளைப் பற்றி.

இங்குதான் எனக்கு நூலோடு முரண்பாடு எழுகிறது. ஸ்டீவனிடம் பேனா இருந்தது. தந்தையிடம் இருந்தது. சொலமனிடம் இருந்தது. யூனிஸின் பெயரில் எஞ்சியிருப்பது, முதுமையில் 1771 இல் பிறர் கைகொண்டு தமையனுக்கு அனுப்பிய ஒரு கடிதமே. ஆகவே டீமோஸ் எவ்வளவு நியாயமாக நடக்க முயன்றாலும் கதை ஸ்டீவனின் ஜன்னலருகே இருந்தே சொல்லப்படுகிறது. அவள் தூரத்தில் வருகிறாள், தூரத்தில் மறைகிறாள். 'மீட்கப்படாத' என்ற சொல்லே ஒரு பக்கத்தின் சொல். கானவாகேயில் அவளை யாரும் அப்படி அழைத்திருக்க முடியாது.

அங்கு அவளை எப்படி அழைத்தார்கள் என்பதும் நமக்குத் தெரியும். ஆளாக நட்டு வைக்கப்பட்டவள் என்ற பொருள்பட ஒரு பெயர். பின்னாளில் சோளத்தைக் கொண்டு வருபவள் என்ற பொருளில் இன்னொன்று. ஞானஸ்நானப் பெயர் மார்கரெட். மொஹோக் மக்களிடம் வம்சம் தாய்வழிப்பட்டது. தாய்வழிக் குடிமுறையில் வளர்ந்த கிழக்கிலங்கை வாசகருக்கு இதை நான் விரித்துரைக்கத் தேவையில்லை. போரிலும் அம்மையிலும் மாண்டோரின் இடத்தை நிரப்பத் தத்தெடுக்கப்படும் பிள்ளை, இறந்தவரின் இடத்துக்கே உரியதாகிறது. வில்லியம்ஸ் குடும்பத்தின் கணக்கில் ஒரு கிளை முறிந்த அதே ஆண்டில், கானவாகேயின் கணக்கில் ஒரு கன்று நடப்பட்டது. இரண்டு கணக்குகளும் உண்மை. ஒன்று மட்டுமே தாளில் ஏறியது.

கொடிவழி நூல்களின் இயல்பையும் இங்கு பார்க்க வேண்டும். 1847 இல் டியர்ஃபீல்ட் மருத்துவரான ஸ்டீவன் வெஸ்ட் வில்லியம்ஸ் என்பவர் அமெரிக்க வில்லியம்ஸ் குடும்பத்தின் கொடிவழியைத் தொகுத்து நூலாக்கினார். இத்தகைய நூல்கள் பொதுவாகத் தந்தை பெயரைப் பின்தொடர்பவை. மகள் மணமாகிப் போனதும் அவளது கிளை வேறொரு குடும்பத்தின் ஏட்டுக்குப் போய்விடும். ஆனால் கானவாகேயில் நடந்ததோ தலைகீழ். யூனிஸின் மகள் மேரியின் மகன் தோமஸ், தன் பெயரோடு வில்லியம்ஸ் என்பதையே சுமந்தான். ஆங்கிலேய முறைப்படி ஒரு பெண்ணோடு அழிந்திருக்க வேண்டிய குடும்பப் பெயர், அவளை இழந்ததாக அழுத ஊருக்கு வெளியே, பெண்வழியாகவே வாழ்ந்தது. நூலின் மிகப் பெரிய முரண்நகை இதுவென்பேன். டீமோஸ் இதன்மீது இன்னும் சற்று நின்றிருக்கலாம்.

அந்தத் தோமஸின் மகன்தான் எலியேஸர். சிறுவயதில் படிப்புக்காக லோங்மெடோவுக்கு அழைத்துவரப்பட்டவன். பின்னர் மிஷனரியாகி, ஒனெய்டா மக்களோடு விஸ்கொன்சின் பக்கம் போனவன். 1850களில் அவன், பிரெஞ்சுப் புரட்சியில் சிறையிலிருந்து தப்பிய இளவரசன் பதினேழாம் லூயி தானே என்ற கதைக்குச் சொந்தக்காரனானான். 1853 இல் ஒரு சஞ்சிகை அதைக் கேள்வியாக்கி வெளியிட, நாடே பேசியது. பாதுகாக்கப்பட்ட இளவரசனின் இதயத்தை 2000 இல் மரபணுச் சோதனைக்கு உட்படுத்தியபோது, அப்பிள்ளை 1795 இல் சிறையிலேயே இறந்தது உறுதியாயிற்று. எலியேஸரைப் பொய்யன் என்று சிரித்துவிட்டுப் போவது இலகு. ஆனால் இரண்டு மரங்களிலும் கிளையாக இருந்து, இரண்டிலும் முழுமையாக எண்ணப்படாத ஒருவன், மூன்றாவதாக ஓர் அரச மரத்தைத் தேடிப் போனதில் ஒரு துயரம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

இன்னும் இருவரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அந்த மதகுருவின் வீட்டில் பார்த்தீனா என்ற பெண்ணும் பிராங்க் என்ற ஆணும் அடிமைகளாக இருந்தனர், கணவன் மனைவி. பார்த்தீனா தாக்குதலின்போது வீட்டிலேயே கொல்லப்பட்டார். பிராங்க் பயணத்தின் முதல் இரவில் கொல்லப்பட்டார். யூனிஸின் மீட்புக்குத் தூது மேல் தூது போயிற்று. வீட்டையே சுமந்த இவர்களுக்குக் குடும்பப் பெயர்கூட ஏட்டில் இல்லை. தந்தை மீண்டு வந்தபோது 'மீட்கப்பட்டவன்' என்று தன்னைக் கொண்டாடிக்கொண்டார். அவர் வீட்டில் விலைக்கு வாங்கப்பட்டிருந்தவர்களுக்கு அந்தச் சொல் எட்டவேயில்லை. ஒரு கொடிவழியில் விடுபட்டவர்கள் யாரெனத் தேடப் புறப்படும் எவரும் முதலில் நிற்க வேண்டிய இடம் இது.

டீமோஸுக்குப் பின் இந்த விடயம் விரிந்திருக்கிறது. 2003 இல் இவான் ஹேஃபெலி, கெவின் ஸ்வீனி இருவரும் எழுதிய நூல், பிரெஞ்சு, ஆங்கிலேய, பூர்வகுடித் தரப்புகள் ஒவ்வொன்றின் நோக்கங்களையும் தனித்தனியே எடுத்துப் பேசிற்று. கானவாகேயின் மகளான மானிடவியலாளர் ஓட்ரா சிம்ப்சன் 2008 இல் எழுதிய கட்டுரை இன்னும் கூர்மையானது. வெள்ளைப் பிள்ளை ஒருத்தி மொஹோக்காக ஏற்கப்பட்ட அதே மக்களின் பெண்கள், பிற்காலத்தில் வெளியாரை மணந்தால் கனேடியச் சட்டத்தால் தம் அந்தஸ்தை இழந்தனர். அந்த நிலை 1985 இல்தான் திருத்தப்பட்டது. டீமோஸின் ஜன்னலிலிருந்து தெரியாத காட்சி இது. அவரை வாசித்தவர்கள் இவர்களையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

இருந்தும் அவரது நூலைக் கீழே வைக்க எனக்கு மனமில்லை. 1837 ஓகஸ்டில், தம்மை யூனிஸின் வழிவந்தோர் என்று கூறிய ஓர் அபெனாக்கிக் கூட்டத்தினர் டியர்ஃபீல்டுக்கு வந்து வில்லியம்ஸ் குடும்பத்தின் கல்லறைகளைப் பார்த்துச் சென்றனர். தேடியது ஒரு பக்கம் மட்டுமல்ல என்பதற்கு அது சாட்சி. 1785 இல் யூனிஸ் 89 வயதில் கானவாகேயில் மரணித்தார். ஸ்டீவன் அதற்கு மூன்று ஆண்டுகள் முந்திவிட்டார். ஒருவர் மொழியை மற்றவர் அறியாமலே, தள்ளாத வயதுவரை அவர்கள் உறவை விடவில்லை. 1771 ஆம் ஆண்டின் அந்தக் கடிதம், மீளாத கைதி ஒருத்தியின் கடிதமல்ல. தூரத்து ஊரில் வாழ்க்கைப்பட்ட ஒரு தங்கை, வயது போன தமையனுக்கு எழுதுவித்தது. இரண்டாம் வாசிப்பில் எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். எனக்கு இது போதும்.