நகையின் நிலைக்களன்

ஒரு நூலைப் பற்றி வாசகர்கள் இரு கட்சியாகப் பிரிந்து நிற்பது புதுமையன்று. அவ்விரு கட்சியாரின் தீர்ப்பும் ஒரே சங்கத்தின் ஏடுகளில் பதிவாகியிருப்பதுதான் அரிது. இங்கிலாந்து எழுத்தாளர் லூயிஸ் ரென்னிசன் 1999ஆம் ஆண்டு வெளியிட்ட நாட்குறிப்புப் புதினம் ஒன்றுக்கு இந்நிலை வாய்த்தது. அமெரிக்க நூலகச் சங்கத்தின் இளையோர் பிரிவு வழங்கும் மைக்கேல் பிரின்ட்ஸ் விருதில், 2001ஆம் ஆண்டின் சிறப்புத் தகுதி பெற்ற நூல்களுள் ஒன்றாக அது தேர்ந்தெடுக்கப்பெற்றது. 2000 முதல் 2009 வரை பள்ளிகளிலும் நூலகங்களிலும் மிகுந்த எதிர்ப்புக்கு உள்ளான நூறு நூல்களை அதே சங்கம் பட்டியலிட்டபோது, அந்தப் பட்டியலிலும் அதன் பெயர் இருந்தது. ஒரு கை மாலை சூட்டியது. மறு கை புகார்களை எண்ணி எழுதியது.

இவ்விரு தீர்ப்புக்கும் இடையே நிற்கும் பெற்றோர் யாரை நம்புவது? ஆங்கிலத்தில் பயிலும் பெண்மக்கள் உள்ள நம் இல்லங்களிலும் இவ்வகை நூல்கள் இன்று புழங்குகின்றன. ஆகவே இக்கேள்வியை அயலார் வழக்கென்று தள்ளிவிடுவதற்கில்லை. நூலையும் அதன் வாசகர் கருத்துகளையும் ஒருங்கே வைத்து நோக்குவோம்.

தொடரின் பெயர் 'ஜார்ஜியா நிக்கல்சனின் வாக்குமூலங்கள்'. 1999 தொடங்கி 2009 முடியப் பத்து நூல்கள் வெளிவந்தன. முதலிரு நூல்களைத் தழுவி 2008இல் குரிந்தர் சட்டா திரைப்படம் எடுத்தார். முதல் நூலின் தலைப்பில் ஒரு பூனையின் பெயரும், ஓர் உள்ளாடையின் பெயரும், முத்தத்தைக் குறிக்கும் கொச்சைச் சொல்லும் வரிசையாக நிற்கின்றன. அதனை இங்கு மொழிபெயர்க்காமல் விட்டதற்கு வாசகர்கள் நம்மைக் கடிந்துகொள்ளமாட்டார்கள் என நம்புகிறோம். 1951இல் லீட்ஸ் நகரில் பிறந்த ரென்னிசன், பதின்ம வயதில் குடும்பத்தாருடன் நியூசிலாந்து சென்று, பின்னர் இங்கிலாந்து திரும்பியவர். எழுத வருமுன் மேடையில் தனியாளாக நின்று, தம் கதையையே சொல்லி அவையைச் சிரிக்கவைத்தவர். 2016இல் மறைந்தார். மேடைப் பழக்கம் அவர் உரைநடையின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது.

கதை எளியது. ஜார்ஜியாவுக்கு வயது பதினான்கு. தன் மூக்கு பெரிதென்று அவளுக்கு ஓயாக் கவலை. திருத்தப் போன புருவத்தை முற்றிலும் மழித்துவிடுகிறாள். மாறுவேட விருந்துக்கு, உள்ளீடு வைத்த ஒலிவப் பழமாக வேடமிட்டுப் போய் அவமானப்படுகிறாள். தங்கை லிபி மூன்று வயதுக் குறும்புக்காரி. ஆங்கஸ் என்னும் பூனையோ அண்டை வீட்டு நாயை நடுங்கவைக்கும் முரடு. தந்தை வேலை தேடி நியூசிலாந்து போகிறார். இத்தனைக்கும் நடுவே, தன்னினும் மூத்தவனான ராபி என்ற இளைஞன்மேல் ஜார்ஜியாவுக்கு மையல். பத்து நூல்களிலும் ஓடுவது இந்த மையலும் இதன் பின் வந்த மையல்களுமே.

நாட்குறிப்பு வடிவில் நகைச்சுவை செய்வது ரென்னிசன் கண்டுபிடித்த வழியன்று. ஸூ டவுன்சென்ட் 1982இல் ஏட்ரியன் மோல் என்ற சிறுவனின் நாட்குறிப்பை எழுதிப் பெரும்புகழ் பெற்றார். ஹெலன் ஃபீல்டிங் 1996இல் பிரிட்ஜெட் ஜோன்ஸ் என்ற பெண்ணின் நாட்குறிப்பை எழுதினார். ரென்னிசன் சேர்த்தது நேரக் கணக்கு. அவர் கதாநாயகி நாளுக்கு ஒருமுறை எழுதுபவள் அல்லள். நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுபவள். இரவு பத்து மணிக்கு, இனி ஆண்பிள்ளைகள் பக்கமே திரும்புவதில்லை என்பதுபோல் உறுதி கொள்வாள். பத்து மணி ஒரு நிமிடத்துக்கு அந்த உறுதி காற்றில் பறந்திருக்கும். இரண்டு பதிவுகளுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் வாசகர் சிரிக்கிறார். அவள் தன்னைப் பற்றி அறியாத ஒன்றை அந்த ஒரு நிமிட இடைவெளி நமக்கு அறிவித்துவிடுகிறது.

இனி வாசகர் கருத்துகள். அவற்றை மூவகைப்படுத்தலாம்.

முதல் வகையினர் இளம் பெண்கள். பொது இடத்தில் படித்து அடக்கமாட்டாமல் சிரித்ததையும், தம் அச்சங்களை வேறொருத்தி எழுதியிருக்கக் கண்டு ஆறுதல் அடைந்ததையும் இவர்கள் சொல்வார்கள். கண்ணாடி முன் நின்று கலங்குவது தான் ஒருத்தி மட்டுமே என்று எண்ணியிருந்த சிறுமிக்கு இது சிறிய ஆறுதல் அன்று.

இரண்டாம் வகையினர் பெற்றோரும் சில ஆசிரியர்களும். பதினான்கு வயதுப் பெண்ணின் நினைவெல்லாம் முத்தத்திலும் தோற்றத்திலுமே சுழல்கிறது என்பது இவர்கள் குறை. தோழியர் கூடி, கைகோத்தல் முதலாக நெருக்கத்தின் படிகளுக்கு எண்ணிட்டு ஓர் அளவுப் பட்டியலே வைத்திருக்கிறார்கள். படிப்பு, பெற்றோர், ஆசிரியர் எல்லாமே நகைப்புக்கு உரியவை. இப்படிப்பட்டவளை முன்மாதிரியாக நிறுத்தலாமா என்று கேட்கிறார்கள்.

மூன்றாம் வகையினர் சிறுமியராய் இருந்தபோது இவற்றைப் படித்து, வளர்ந்தபின் மீண்டும் கையில் எடுப்பவர்கள். இவர்கள் சொல்வதே நமக்கு மிகவும் பயனுடையதாகத் தோன்றுகிறது. சிரிப்பு இன்னும் வருகிறது, ஆனால் முன்பு சிரித்த சில இடங்களில் இப்போது முகம் சுளிக்கிறது என்பது இவர்கள் கருத்து. அந்த இடங்கள் எவை?

இதற்கு விடைகாண நம் தொல்காப்பியர் துணைக்கு வருகிறார். மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்த அவர், அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு எனக் கணக்கிட்டார். எள்ளல் ஒன்று, மற்ற மூன்றும் இளமை, பேதைமை, மடன். எள்ளல் பிறரை இகழ்தலால் வரும் நகை. இளமை, பிள்ளைத்தன்மையால் விளைவது. பேதைமை அறியாமையால் விளைவது. கற்பித்ததை ஏற்று, ஏற்றதை விடாமல் பற்றிக்கொள்வதே மடன் என்று உரைகாரர் விளக்குவர். இத்தொடரில் நான்கும் உள்ளன. வாசகர்கள் மாறுபடுவதற்குக் காரணம், ஒவ்வொருவரும் இந்நான்கில் ஒன்றை மட்டும் முன்வைத்து முழு நூலையும் அளப்பதே.

புருவத்தை மழித்துக்கொண்டது இளமை. ஒரு நிமிடத்தில் மாறும் மனத்தை மாறாதது என்று நம்புவது பேதைமை. ஆண்களை வசப்படுத்தும் வழி சொல்லும் நூல்களையும் பெண்கள் இதழ்களின் அறிவுரைகளையும் வேதவாக்காகக் கொண்டு, அவற்றின்படி நடந்து அடிமேல் அடி வாங்குவது மடன். இம்மூன்றிலும் நகைக்கு இலக்கு ஜார்ஜியாதான். ரென்னிசனின் கலை இங்குதான் உச்சத்தில் நிற்கிறது. சிறுமியர் பெறும் ஆறுதலும் இதிலிருந்து வருவதே.

எள்ளல் என்பதோ வேறு. தடித்த உடலும் மூக்குக்கண்ணாடியும் உடைய வகுப்புத் தோழி ஒருத்திக்கு ஜார்ஜியா வெறுப்பூட்டும் அடைமொழி சூட்டியிருக்கிறாள். ஜெர்மன் மொழி கற்பிக்கும் ஆசிரியர், அயல்நாட்டார் என்பதாலேயே கேலிப் பொருளாகிறார். இவ்விடங்களில் நூல் ஜார்ஜியாவைப் பார்த்துச் சிரிக்க நம்மை அழைக்கவில்லை. அவளுடன் சேர்ந்து மற்றவரைப் பார்த்துச் சிரிக்க அழைக்கிறது. அவள் அறியாத எதையும் நாம் அறிவதில்லை. எழுத்தாளருக்கும் பாத்திரத்துக்கும் இடையே இருக்கவேண்டிய தூரம் இங்கு அற்றுப்போகிறது. வளர்ந்த வாசகியர் முகம் சுளிப்பது இங்கேதான். அவர்கள் பக்கம் நியாயம் உண்டு என்பது நம் கருத்து.

பெற்றோரின் குறை இதனின் வேறானது. அதையும் எடைபோட வேண்டும். 'பேசுபவள் தவறானவள், ஆகவே நூலும் தவறானது' என்பது அவர்கள் வாதத்தின் வேர். இது பழைய வாதம். மதரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டுவரும் 'மகாமாத்'தை எண்ணிப் பார்க்கலாம். 1122இல் மறைந்த பஸராவின் அல்-ஹரீரீ யாத்த அந்நூலின் ஐம்பது அரங்குகளிலும் வளைய வருபவன் அபூ ஸைது என்னும் நாவன்மை மிக்க ஏமாற்றுக்காரன். அவனுடைய தந்திரங்களை நமக்குச் சொல்பவர் ஹாரிஸ் இப்னு ஹம்மாம். புனைந்துரை எழுதியதற்காகத் தம்மேல் பழி வருமென்று உணர்ந்த ஹரீரீ முகவுரையிலேயே மறுமொழி கூறினார். விலங்குகளைப் பேசவைத்த கதைகளை எவரும் பழித்ததில்லையே என்று கேட்டார். ஏமாற்றுக்காரனின் நாவைக் கொண்டு அரபு மொழியின் வளத்தைக் கற்பித்த அந்நூலை, அவனுடைய ஒழுக்கத்தைக் காட்டி ஆலிம்கள் ஒதுக்கிவிடவில்லை. பேசும் வாய் வேறு, பேசவைத்த கை வேறு என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது.

ரென்னிசனை ஹரீரீக்கு நிகர் என்று சொல்ல வரவில்லை. மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் அது. ஆனால் அளவுகோல் ஒன்றே. ஹரீரீயின் நூலில் ஏமாற்றுக்காரன் ஒருவன், அவனை இனங்கண்டு கடிந்துகொள்ளும் ஹாரிஸ் மற்றொருவர். நாட்குறிப்பிலோ கடிந்துகொள்ளும் இரண்டாம் குரல் இல்லை. ஹாரிஸின் வேலையை வாசிப்பவரே செய்ய வேண்டும். பதினான்கு வயது வாசகி அதனைச் செய்வாளா என்பதே பெற்றோரின் உண்மையான அச்சம். அதை அவர்கள் கொச்சைச் சொற்களின்மேல் ஏற்றிச் சொல்கிறார்கள். சொற்களைப் பற்றிய புகாரைவிட இந்த அச்சத்துக்கு மதிப்பு மிகுதி.

அச்சத்துக்கு விடை நூலிலேயே உண்டு. இரண்டாம் நூலில், ஜார்ஜியா இன்னும் சிறியவள், தன் வயதுக்கு ஒத்தவனோடு பழகட்டும் என்று கூறி ராபி விலகுகிறான். அவனுக்குப் பொறாமை மூட்டுவதற்காக டேவ் என்ற நல்ல பையனுடன் அவள் நெருங்கிப் பழகுகிறாள். எல்லோரையும் சிரிக்கவைப்பவன் டேவ். தான் வெறும் கருவியாக்கப்பட்டதை அறிந்தபோது அவன் உள்ளம் நோகிறது. ஜார்ஜியா அதையும் தன் வழக்கமான துள்ளலோடுதான் எழுதுகிறாள். ஆயினும் படிப்பவருக்குச் சிரிப்பு நின்றுவிடுகிறது. கூர்ந்து படிக்கும் சிறுமி இந்த இடத்தில் தானே ஹாரிஸ் ஆகிவிடுவாள். ஒரு மனிதனை ஏணியாகப் பயன்படுத்துவது என்னவென்று எவரும் உபதேசிக்காமலே அறிந்துகொள்வாள். பத்தாம் நூலின் முடிவில் ஜார்ஜியா தேர்ந்துகொள்வது அந்த டேவைத்தான். அழகனென்று துரத்தியவர்களை விட்டு, தன்னைச் சிரிக்கவைத்தவனிடம் அவள் வந்து சேர ஒன்பது நூல்கள் ஆகின்றன.

அவ்வளவு தூரம் தேவைதானா என்றால், தேவையில்லை என்போம். தொடரின் பெருங்குறை அதன் நீளமே. ராபி போனபின் மாசிமோ என்ற இத்தாலிய இளைஞன் வருகிறான். மூக்கும் பூனையும் தங்கையும் மீண்டும் மீண்டும் வருகின்றன. முதலிரு நூல்களில் வியப்பூட்டிய நிமிடக் கணக்கு பின்னர் பழக்கமாகிவிடுகிறது. சொற்புனைவும் அப்படியே. ஜார்ஜியாவும் தோழியரும் தமக்கென்று ஒரு குழூஉக்குறி மொழியே படைத்திருக்கிறார்கள். அமெரிக்க வாசகருக்குப் புரிவதற்காகப் பின்னிணைப்பாக ஒரு சொற்பொருள் அகராதியைச் சேர்த்து, அதையும் ஜார்ஜியாவின் குரலிலேயே ரென்னிசன் நகைச்சுவையாக அமைத்தார். தொடக்கத்தில் அது மொழி விளையாட்டு, பின்னாளில் வாய்ப்பாடு.

ஆகவே நம் தீர்ப்பு இது. விருது வழங்கியோர் பேதைமையின் நகையைக் கண்டனர், அதில் பிழையில்லை. எதிர்த்தோர் கொச்சையைக் கண்டு கொதித்தனர். ஆனால் அதைவிடக் கடியத்தக்கதாகிய எள்ளலைக் காணத் தவறினர். முத்தத்தைப் பற்றிய ஒரு சொல் சிறுமியைக் கெடுத்துவிடும் என்று அஞ்சுவோர், தடித்த தோழியைக் கேலிசெய்யும் சொல்லைக் கண்டுகொள்ளாமல் விடுவது நமக்கு வியப்பாகவே உள்ளது. முதலிரு நூல்கள் படிக்கத்தக்கவை. அதுவும் பதினான்கை எட்டிய பெண்ணுக்கே. அதனினும் இளையவர்க்கு வேண்டா. பின்னவற்றை விட்டுவிட்டாலும் இழப்பில்லை.

மகள் கையில் இந்நூலைக் காணும் தாய்மார் அதைப் பறிக்குமுன் ஒன்று செய்யலாம். எந்த இடத்தில் சிரித்தாய் என்று கேட்கலாம். புருவத்தை மழித்த இடத்தில் என்றால், தாயும் உடன் சிரிக்கலாம். மூக்குக்கண்ணாடிக்காரியின் இடத்தில் என்றால், அன்று மாலை இருவரும் பேசவேண்டிய பொருள் கிடைத்துவிட்டது. டேவ் வருந்திய இடத்தில் சிரிப்பு வரவில்லை என்று அவளே சொல்வாளானால், நூலை அவள் கையிலேயே விட்டுவிடலாம்.