ட்ரோன் போர்: மலிவின் விலை

உக்ரைன் போர்முனையில் இன்று ஒரு டாங்கியை அழிக்க இன்னொரு டாங்கி தேவைப்படுவதில்லை. சுமார் 500 டாலர் செலவில் பட்டறையில் பூட்டிய ஒரு சிறிய ட்ரோன், அதன் வயிற்றில் கட்டிய ஆர்பிஜி குண்டு, சில கிலோமீட்டர் பின்னால் பதுங்குகுழியில் வீடியோ கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஓர் இளைஞன், இவ்வளவே போதும். அமெரிக்கா கொடுத்த ஆப்ராம்ஸ் டாங்கிகளைக்கூட 2024 ஏப்ரல் வாக்கில் உக்ரைன் முன்வரிசையிலிருந்து பின்னுக்கு இழுக்க வேண்டியதாயிற்று. இதைக் காட்டி ட்ரோன் ஆதரவாளர்கள் மூன்று நன்மைகளை அடுக்குகிறார்கள்: குறி தப்பாது, இயக்குபவரின் உயிருக்கு ஆபத்தில்லை, விலை குறைவு. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் அந்த நன்மைகள் ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். அவர் யார் என்று கேட்காத மதிப்பீடு அரைக்கணக்குதான்.

முதலில் நிறைகள். 1982இல் லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் சிரியாவின் ஏவுகணைத் தளங்களை அழிக்க, இஸ்ரேல் ஆளில்லா விமானங்களை வேவுக்கும் ஏமாற்று இலக்குகளாகவும் அனுப்பியது. அப்போது அவை கண்கள் மட்டுமே. அடித்தவை போர் விமானங்கள். 1994இல் பறக்கத் தொடங்கிய அமெரிக்காவின் பிரிடேட்டரும் வேவு விமானம்தான். 2001இல் அதில் ஹெல்ஃபயர் ஏவுகணையைப் பொருத்தியபோது பார்ப்பதும் அடிப்பதும் ஒரே கருவியின் வேலையாயின. இலக்கைக் கண்டவர் தகவல் அனுப்பி, விமானம் வந்து சேர்வதற்குள் இலக்கு நகர்ந்துவிடும் என்ற பழைய சிக்கல் பெருமளவு தீர்ந்தது.

அடுத்த மாற்றம் யார் கையில் இந்த ஆயுதம் சேர்ந்தது என்பதில் நிகழ்ந்தது. 2020இல் நாகோர்னோ-கராபாக்கில் 44 நாள் நடந்த போரில் அசர்பைஜான், துருக்கியின் பைரக்தார் ட்ரோன்களையும், இலக்கைத் தேடிச் சுற்றி அதன்மீதே மோதி வெடிக்கும் இஸ்ரேலின் ஹாரோப்களையும் கொண்டு ஆர்மீனியத் தரப்பின் டாங்கிகளையும் பீரங்கிகளையும் வேட்டையாடியது. பெரிய விமானப்படை இல்லாத நாட்டுக்கும் வான்வழித் தாக்குதல் கைக்கு எட்டியது. கடலிலும் இதே கதை. போர்க்கப்பல் என்று சொல்லும்படி அதிகம் இல்லாத உக்ரைன், ஆளில்லாப் படகுகளை மோதவிட்டு 2024 பிப்ரவரியில் இவானோவெத்ஸ் என்ற ரஷ்ய ஏவுகணைக் கப்பலை மூழ்கடித்தது. ரஷ்யாவின் கருங்கடல் கடற்படையின் பெரும்பகுதி செவஸ்தபோலை விட்டு நோவோரஸீஸ்க் துறைமுகத்துக்கு ஒதுங்கியது. படையெடுப்புக்கு ஆளான ஒரு நாடு இப்படித் தன்னைக் காத்துக்கொள்வதை யாரும் குறைசொல்ல முடியாது.

இனி ‘குறி தப்பாது’ என்ற வாதத்துக்கு வருவோம். 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் ஒரு வெள்ளை நிறக் காரை அமெரிக்க ட்ரோன்கள் பல மணி நேரம் பின்தொடர்ந்தன. வெடிபொருள் ஏற்றுகிறார்கள் என்று முடிவுகட்டி ஏவுகணை வீசினார்கள். ஏழு குழந்தைகள் உட்பட பொதுமக்கள் 10 பேர் இறந்தார்கள். தாக்குதல் சரியானதே என்று முதலில் சாதித்த பென்டகன், செப்டம்பர் 17 அன்று தவறை ஒப்புக்கொண்டது. ஏவுகணை குறிவைத்த இடத்தில்தான் விழுந்தது. காரில் இருப்பவர் யார், அவர் ஏற்றுவது என்ன என்ற புரிதல்தான் பிசகியது. கேமராவின் தெளிவு, பார்ப்பவரின் முன்முடிவைத் திருத்துவதில்லை. பல நேரங்களில் அதற்குத் துணிச்சல் கொடுக்கிறது.

உக்ரைனின் கெர்சன் நகரில் நடந்தது இதைவிடக் கொடியது. அங்கே சாலையில் நடப்பவர்கள், பேருந்துகள், ஆம்புலன்ஸ்கள் மீது ரஷ்யப் படையினர் ட்ரோன்களிலிருந்து குண்டு போட்டார்கள். எதிரே இருப்பவர் பொதுமக்களில் ஒருவர் என்று திரையில் தெளிவாகத் தெரிந்தும் போட்டார்கள். இது மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று ஐநா விசாரணை ஆணையம் 2025இல் முடிவு செய்தது. தாக்கியவர்கள் பெருமைக்காக இணையத்தில் போட்ட வீடியோக்களே அதற்குச் சாட்சியமும் ஆயின. துல்லியம் என்பது ஆயுதத்தின் திறமை. அதை வைத்து ஒழுக்கத்துக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது.

இயக்குபவருக்கு ஆபத்தில்லை என்ற இரண்டாம் நன்மை, அரசியலில் ஆபத்தாக முடிந்ததை 2011 லிபியா காட்டியது. நேட்டோ தாக்குதலில் பிரிடேட்டர்களும் பங்கேற்றன. 60 நாளுக்கு மேல் நீளும் போருக்கு நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். தரைப்படை இறங்கவில்லை, அமெரிக்க வீரர்களுக்கு உயிராபத்து குறைவு, ஆகவே சட்டம் குறிப்பிடும் போர் நடவடிக்கையே இது இல்லை என்று ஒபாமா அரசு வாதிட்டது. சொந்தப் பிள்ளைகளின் சவப்பெட்டி திரும்பி வராதவரை மக்களும் கேள்வி கேட்பதில்லை. குண்டு விழுந்த ஊருக்கோ அது போர்தான்.

இருதரப்பிடமும் ட்ரோன் இருக்கும்போது அந்தப் பாதுகாப்பும் பறிபோகிறது. உக்ரைனில் இரு படைகளும் முதலில் தேடுவது எதிரியின் ட்ரோன் ஓட்டிகளைத்தான். முன்வரிசையிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வரை பகலில் வாகனம் நகர்வதே ஆபத்து. காயம்பட்டவரை உடனே தூக்கிச் செல்ல வழியில்லை. ரத்தப்போக்கை நிறுத்தக் கட்டிய பட்டை பல மணி நேரம் அப்படியே கிடந்து, காப்பாற்றியிருக்கக்கூடிய கையும் காலும் போகின்றன.

மூன்றாவது, விலை. ட்ரோன் மலிவு; அதைத் தடுப்பது மலிவல்ல. ஈரானிய ஷாஹெத் ட்ரோன் ஒன்றின் விலை சில பத்தாயிரம் டாலர் என்று மதிப்பிடுகிறார்கள். ஒரு பேட்ரியட் இடைமறிப்பு ஏவுகணைக்கு சுமார் 40 லட்சம் டாலர் ஆகிறது. இந்த ஏற்றத்தாழ்வு தாக்குபவருக்கே சாதகம். 2025 ஜூலையில் ஒரே இரவில் 700க்கும் மேற்பட்ட ட்ரோன்களை ரஷ்யா உக்ரைன்மீது ஏவியது. மலிவு எண்ணிக்கையைப் பெருக்கியது. எண்ணிக்கை தூங்க முடியாத நகரங்களை உருவாக்கியது.

மலிவு, போரைச் சீக்கிரம் முடிக்கவும் இல்லை. கராபாக்கில் வென்ற பைரக்தார், ரஷ்ய வான்பாதுகாப்பு சீரானதும் உக்ரைனில் தாக்குதல் வேலையிலிருந்து ஏறக்குறைய ஒதுங்கிவிட்டது. ரேடியோ அலையில் இயங்கும் சிறு ட்ரோன்களை, அந்த அலையைக் குலைக்கும் ஜாமர்கள் விழுத்தாட்டின. அதற்கு மாற்றாகக் கண்ணாடி இழையை அவிழ்த்துக்கொண்டே பறக்கும் ட்ரோன்கள் வந்தன. ஒவ்வொரு புதுமையின் ஆயுளும் சில மாதங்கள்தான். மேலிருந்து எல்லாமே தெரியும்போது எந்தப் பக்கமும் பெரும்படையைத் திரட்டி முன்னேற முடிவதில்லை. முதல் உலகப் போரின் அகழிகளை நினைவூட்டும் தேக்கம் அது.

ஜாமருக்கு அடுத்த பதில், கடைசி நொடிகளில் மனிதக் கட்டளை இல்லாமலே இலக்கைப் பிடிக்கும் மென்பொருள். தானியங்கி ஆயுதங்களைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை 2026க்குள் வேண்டும் என்று ஐநா பொதுச்செயலர் குட்டெரெஸ் கேட்டிருந்தார். இதுபற்றி 2023இல் பொதுச்சபைக்கு வந்த தீர்மானத்தை இந்தியா எதிர்த்து வாக்களித்தது. 2021இல் ஜம்மு விமானப்படைத் தளத்தில் ட்ரோன் தாக்குதலைச் சந்தித்த நாடு ஆயுதத்தைக் கைவிட முடியாது என்பது புரிகிறது. ஆனால் விதிமுறை வேண்டும் என்பது ஆயுதத்தைக் கைவிடுவது ஆகாது. கண்ணிவெடியும் மலிவான ஆயுதம்தான். போர் ஓய்ந்த பின்னும் அதற்கு விலை கொடுத்தவர்கள் வயலுக்குப் போன விவசாயிகள். அதைத் தடைசெய்த 1997 ஒட்டாவா உடன்படிக்கையிலிருந்து ரஷ்யாவை அஞ்சும் பால்டிக் நாடுகள் 2025இல் வெளியேற முடிவெடுத்தன. அச்சம் முற்றிய பிறகு பழைய விதியைக் காப்பதே கடினம். புதிதாக ஒன்றை எழுதுவது அதனினும் கடினம்.

தற்காப்புக்கான ட்ரோன் நியாயமானது. ‘சுத்தமான ஆயுதம்’ என்ற விளம்பரம் பொய். அதை வைத்திருக்கும் அரசுகளிடம் மூன்றைக் கேட்கலாம். ஒவ்வொரு தாக்குதலுக்கும் பெயர் சொல்லிப் பொறுப்பேற்கும் ஒரு மனிதர் இருக்க வேண்டும். தாக்குதலின் பதிவுகளை அழிக்காமல் சுதந்திரமான விசாரணைக்குத் தர வேண்டும். வீரர் ஒருவரும் எல்லை தாண்டாவிட்டாலும், ட்ரோன் தாண்டினால் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் பெற வேண்டும். இவற்றை ஏற்கத் தயங்கும் அரசு, ஆயுதத்தின் மலிவைத் தான் வைத்துக்கொண்டு அதன் விலையை மற்றவர் தலையில் கட்டுகிறது.