நெரிசலா, வேலியா?

அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் வருவது கிரிவலப் பாதையோரத்துக் கம்பங்கள் வழியாகத்தான். கேபிள் டிவிக்கு இழுத்த தடத்திலேயே கறுப்பு ஃபைபர் வயரும் தொங்கிக்கொண்டு வரும். குரங்கு தாவினால் வயர் ஆடும், சில நாள் அறுந்தும் போகும். அறுந்தால் மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும். கேபிள்காரர் ஏணியோடு வந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, தலைமுடி கனத்தில் இருக்கும் கண்ணாடி இழையை மெஷினில் வைத்து ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். அரை மணி நேர வேலை. இந்தக் கோளாறோடு எனக்குச் சண்டையே இல்லை. சிவப்பு விளக்கு எரியாத கோளாறு ஒன்று இருக்கிறது, தொல்லை அதனால்தான்.

பழைய லேப்டாப் ஒன்றுக்கு உபுண்டு இயங்குதளம் போடுவதற்காக அதன் கோப்பை டோரண்டில் இறக்கினேன். நொடிக்கு ஐந்தாறு எம்பி தரக்கூடிய இணைப்பு நாற்பது கேபியில் நின்றது. அதே கோப்பை பிரவுசரில் நேரடியாக எடுத்தபோது, காபி ஆறுவதற்குள் முடிந்தது. எந்தத் தரவு போகிறது என்பதை நிறுவனத்திடமிருந்து மறைக்கும் வி.பி.என். போட்டுவிட்டு டோரண்டை மறுபடி ஓட்டினால் வேகம் திரும்பிவிட்டது. கேபிள்காரரைக் கேட்டேன். "டோரண்ட் கீரண்ட் போட்டா அப்டித்தான் சார். மேலயே புடிச்சி வச்சிருப்பாங்க." மேலே என்றால் எங்கே என்று அவருக்கும் தெரியாது. நிறுவனத்தின் பெயரும் இங்கே தேவையில்லை. இதை ஒருவர் மட்டும் செய்வதாக நான் நினைக்கவில்லை.

டோரண்ட் என்றதும் திருட்டுப் படம் என்று முடிவு கட்டுகிறவர்கள் நம்மிடையே அதிகம். அந்தப் பேர் சும்மா வந்ததும் இல்லை. ஆனால் அது அடிப்படையில் ஒரு பரிமாறும் முறை. பந்தியில் சாப்பிட்டவரே எழுந்து அடுத்த பந்திக்குப் பரிமாறுவது போல, ஒரு கோப்பின் துண்டுகளை வாங்கியவர் மற்றவருக்கும் கொடுக்கிறார். ஒரே சமையற்காரர் நின்று திணற வேண்டியதில்லை. உபுண்டுவே தன் தளத்தில் டோரண்ட் இணைப்புக் கொடுக்கிறது. ஏராளமான பழைய தமிழ் நூல்கள் கிடைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவும் கொடுக்கிறது.

நிறுவனத்தின் பக்கத்து நியாயத்தையும் பார்த்துவிடுவோம். வீடுகளுக்கு வரும் ஃபைபரில் பெரும்பாலும் ஜிபான் என்ற முறை. ஒரே இழை பிரிந்து முப்பது வீட்டுக்குப் போகும். இறக்குவதற்கு எல்லோருக்கும் சேர்த்து நொடிக்கு ஏறத்தாழ 2.5 ஜிகாபிட், ஏற்றுவதற்கு அதில் பாதி. டோரண்ட்காரர் ராத்திரி பகலாக ஏற்றிக்கொண்டே இருப்பார். ஒரே சமயத்தில் நூறு இணைப்பு திறப்பார். அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு திக்கினால், அந்தப் பிள்ளையின் அம்மாவும் சந்தா கட்டுகிறவர்தான். ஆகவே கட்டுப்பாடே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கார்த்திகை தீபத்தன்று ஊருக்குள் பஸ்ஸை விடமாட்டார்கள். தற்காலிகப் பேருந்து நிலையங்களில் இறங்கி நடக்க வேண்டும். யாரும் அதை அநியாயம் என்பதில்லை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள், கூட்டம் கலைந்ததும் தடுப்புகளை எடுத்துவிடுகிறார்கள். இன்ன ஊர் பஸ்ஸை மட்டும் எந்நாளும் நிறுத்துவோம், காரணம் சொல்லமாட்டோம் என்றால் அதற்குப் பெயர் வேலி.

இந்த வேலியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு வாடிக்கையாளர்தான். அமெரிக்காவில் 2007-ல் ராப் டோபோல்ஸ்கி என்பவர், பார்பர்ஷாப் குவார்டெட் எனப்படும் பழைய கூட்டுப்பாட்டு இசையைப் பகிரப் பார்த்தார், போகவில்லை. தோண்டிப் பார்த்ததில், காம்காஸ்ட் நிறுவனம் இரு முனைகளுக்கும் நடுவில் புகுந்து, 'இணைப்பை முடித்துக்கொள்' என்று மறுமுனை சொல்வது போலப் போலிச் செய்தி அனுப்புவது தெரிந்தது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் பைபிளை வைத்துச் சோதித்து அதை உறுதிப்படுத்தியது. 2008-ல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. கண்டித்து உத்தரவிட்டது, 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. வாடிக்கையாளர் வழக்கு 1.6 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. ஆளுக்கு அதிகபட்சம் 16 டாலர். பணம் சொற்பம்தான். ஆனால் அப்படிச் செய்யவில்லை என்று அதற்குப் பிறகு சொல்ல வழியில்லாமல் போனது.

நம் நாட்டுக் கதை கொஞ்சம் வேறு. இங்கே உள்ளூர் நிறுவனங்கள் பல, ஒரு காலத்தில் டோரண்டைத் தடுக்கவில்லை, ஓடவிட்டன. பலரும் கேட்கும் கோப்புகளை அருகிலேயே கேச்சில் வைத்துக்கொண்டு, சாதாரண வேகத்தைவிடப் பல மடங்கில் கொடுத்தன. வெளியிலிருந்து அலைவரிசை வாங்கும் செலவு மிச்சம், வாடிக்கையாளருக்கும் மகிழ்ச்சி. அதாவது, தடுப்பதும் அள்ளிக் கொடுப்பதும் கொள்கை அல்ல, கணக்கு. 'நெட்வொர்க்கின் நலனுக்காக' என்று ஒரு நிறுவனம் சொல்லும்போது இது எனக்கு ஞாபகம் வரும்.

நீதிமன்றம் வழியாக வரும் தடை இன்னொரு ரகம். 2012-ல் தனுஷ் நடித்த '3' படத்தைக் காப்பாற்ற, முகம் தெரியாத எதிராளிகளுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் 'ஜான் டோ' உத்தரவு வாங்கினார்கள். நிறுவனங்கள் எதைச் செய்தால் வம்பில்லை என்று பார்த்து, டோரண்ட் தளங்களோடு விமியோவையும் டெய்லிமோஷனையும் சேர்த்தே மூடின. இளைஞர்கள் முகமூடி மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். ஜூனில் நீதிமன்றமே, படம் இருக்கும் குறிப்பிட்ட முகவரியை மட்டும் தடுத்தால் போதும், முழுத் தளத்தை அல்ல என்று தெளிவுபடுத்தியது. பாடம் நிற்கவில்லை. 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களுக்காக அதே நீதிமன்றத்திலிருந்து வந்த உத்தரவின் பட்டியலில் 2,600-க்கும் மேற்பட்ட தளங்கள். அவற்றில் இன்டர்நெட் ஆர்க்கைவும் ஒன்று. பழந்தமிழ் அகராதி தேடியவர் திரையில் தடை அறிவிப்பைப் பார்த்தார். இதற்கெல்லாம் பயந்து திருட்டுப் படத் தளமான தமிழ்ராக்கர்ஸ் கடையைக் கட்டியதா? முகவரியை மாற்றி மாற்றி வந்துகொண்டே இருந்தது. வலையில் சிக்கியவை ஓடத் தெரியாத நூலகங்கள்.

வாடிக்கையாளர் என்ன செய்ய முடியும்? கூட்டமாகச் சேர்ந்தால் நிறையவே முடியும் என்பதற்கு 2015 சாட்சி. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், இணையச் சேவைகளை ஒழுங்குபடுத்துவது பற்றி மார்ச் இறுதியில் ஆலோசனை அறிக்கை வெளியிட்டது. ஒரு மாதத்துக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் போய்ச் சேர்ந்தன. 2016 பிப்ரவரி 8-ல், தளத்துக்குத் தளம் வேறு விலை என்ற பேச்சே கூடாது என்று டிராய் விதி போட்டது, சில தளங்களை மட்டும் இலவசமாகத் தந்த ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் மூட்டை கட்டியது. கோயிலில் கட்டண தரிசன வரிசையைப் பொறுத்துக்கொள்கிற நாம், இணையத்தில் அதை ஏற்கவில்லை என்பது வேடிக்கையான விஷயம்தான். டோரண்டுக்கு நேரடியாகப் பொருந்துவது அடுத்த படி. டிராய் 2017 நவம்பரில் பரிந்துரைத்து, மத்திய அரசு 2018 ஜூலையில் ஏற்றுக்கொண்ட நெறியில், எந்த நெறிமுறையில் தரவு போகிறது என்பதை வைத்துப் பாரபட்சம் காட்டக்கூடாது என்றே இருக்கிறது. நெரிசல் மேலாண்மைக்கு விலக்கு உண்டு, ஆனால் அது அளவோடு, தற்காலிகமாக, வெளிப்படையாக இருக்க வேண்டும். தீபத்து பஸ் தடைக்குப் பொருந்துகிற அதே மூன்று நிபந்தனைகள்.

தனியாளாக நின்றால் நிலைமை வேறு. பிடிக்காவிட்டால் மாறிக்கொள் என்பது சென்னையில் செல்லும். எங்கள் தெருவுக்கு வருவது இரண்டே வயர், இரண்டும் ஒரே கம்பத்தில். செல்போன் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்ற 2011 முதல் வழி இருக்கிறது, வீட்டு இணைப்பில் அந்தப் பேச்சே இல்லை. டிராய் தனிநபர் புகாரை விசாரிக்காது. நிறுவனத்திடமே புகார் எண் வாங்கி, சரிவராவிட்டால் அதன் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக வேண்டும், அவருக்கு 39 நாள் அவகாசம். அதற்கு மேல் நுகர்வோர் நீதிமன்றம். 2009-ல் உச்ச நீதிமன்றம் தொலைபேசித் தகராறுக்கு அந்தக் கதவைச் சாத்தியிருந்தது. 2022 பிப்ரவரியில் வோடபோன் ஐடியா வழக்கில் திறந்துவிட்டது. ஆகவே திருவண்ணாமலையிலேயே முறையிடலாம். கஷ்டம் ஆதாரத்தில்தான். வி.பி.என். போட்டால் வேகம் வந்தது என்பது பலமான சந்தேகமே தவிர நிரூபணம் ஆகாது. பாதை மாறியதாலும் வேகம் கூடியிருக்கலாம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே வரியில் முடித்துவிடுவார். பலரும் வி.பி.என். போட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறார்கள். கைவசம் சுலபமான மருந்து, மறுப்பதற்கில்லை. ஆனால் நூறு பேர் அப்படி நழுவினால், அந்தத் தெருவில் புகாரே இல்லை என்று கணக்கில் ஏறும்.

நான் புகார் கொடுத்தேன். இரண்டாம் நாள் ஒரு பையன் வந்து, செல்போனில் ஸ்பீட் டெஸ்ட் ஓட்டி, வந்த எண்ணைப் படம் பிடித்துக்கொண்டு, "ஃபுல் ஸ்பீடு வருது சார்" என்று புகாரை முடித்துவைத்தான். பொய்யில்லை. ஸ்பீட் டெஸ்டுக்கு யாரும் வேலி போடுவதில்லை.

மேல்முறையீட்டில் ஒரு அட்டவணை இணைத்திருக்கிறேன். பத்து நாள், காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து. ஒரே கோப்பு, பிரவுசரில் ஒரு முறை, டோரண்டில் ஒரு முறை. காலை ஆறு மணிக்கு, தெருவே தூங்கும்போதும் டோரண்ட் அதே நாற்பதில் நிற்கிறது. பௌர்ணமி அன்று எடுத்த மூன்று வரிகளை மட்டும் நானே அடித்துவிட்டேன். கிரிவலக் கூட்டத்தால் விடுதிகளெல்லாம் நிறைந்திருந்த நாள், அன்றைக்கு நெரிசல் நிஜம்.