இரண்டாம் ராத்திரிக் கூத்து

2022 ஏப்ரல் 14, வியாழக்கிழமை. தமிழ்ப் புத்தாண்டு, அம்பேத்கர் பிறந்தநாள், 'கே.ஜி.எஃப்: சாப்டர் 2' வெளியீடு, மூன்றும் ஒரே நாளில் விழுந்தன. கோலார் தங்கவயலில் அந்தத் தேதிக்கு தொழிலாளர் லைனுக்கு லைன் நீலக்கொடி ஏறும், ஊர்வலம் போகும், மேளம் கேட்கும். போதாக்குறைக்கு முந்தைய நாள்தான் விஜய்யின் 'பீஸ்ட்' வந்திருந்தது. தமிழ் பேசும் ஊரில் பையன்கள் எந்தப் பக்கம் விசிலடிப்பார்கள்? சாம்பியன் ஸ்டேஷனிலிருந்து மாமா ரயிலேறி, உரிகம், கோரமண்டல் எல்லாம் தாண்டி பங்காருபேட்டையில் வந்து இறங்கியபோது அவர் சட்டைப்பையில் அம்பேத்கர் படம் போட்ட பேட்ஜ் இருந்தது. கையில் நான் எடுத்து வைத்திருந்த டிக்கெட்டைத் திணித்தேன். "நம்ம ஊரு பேர வச்சிக்கினு இன்னாத்த காட்டறான்னு பாப்போம்" என்றார்.

மாமா சுரங்கத்தில் டிம்பர்மேனாக இருந்தவர். தோண்டிய குடைவுக்குள் மரச்சட்டம் கொடுத்து பாறை உட்காராமல் தாங்குவது அந்த வேலை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது வீட்டுக்கு வந்தவர். 2018 டிசம்பரில் முதல் பாகம் பார்த்தபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அரங்கமே உறைந்து கிடந்த இடத்தில் சிரித்தார். "கேஜ் எங்கடா? ஷாஃப்ட் எங்கடா? தலையில லைட்டு எங்கடா? இது கல்லு குவாரி." படத்திலேயே சுண்ணாம்புச் சுரங்கம் என்ற போர்வையில்தான் தங்கம் எடுக்கிறார்கள் என்று நான் வாதாடினேன். அவர் கேட்கவில்லை. மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சாம்பியன் ரீஃபில் இறங்கியவருக்கு, படத்தில் வரும் நராச்சிச் சுரங்கம் ஒரு விளையாட்டுத் திடலாகத்தான் தெரிந்திருக்கும்.

எனக்கு அப்படித் தெரியவில்லை. முதல் பாகத்தை நான் ஐந்து முறை பார்த்தேன். கதைக்காக இல்லை, கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பார்த்தது மண்ணுக்காக. புவன் கௌடாவின் ஒளிப்பதிவில் கரிப்புகையும் புழுதியும் சேர்ந்த ஒரு கறுப்பு உண்டு. வெளிச்சம் அதற்குள் நுழையவே பயப்படும். ஆள் முகம் பாதிதான் தெரியும். மீதியைப் பார்ப்பவனே வரைந்துகொள்ள வேண்டும். தங்கத்தைப் பற்றிய படத்தில் தங்க நிறத்தை அவ்வளவு கஞ்சத்தனமாகச் செலவழித்ததே ஒரு கலைத் துணிச்சல்.

அதைவிடப் பெரிய துணிச்சல் சொல்முறையில் இருந்தது. இயக்குநர் பிரசாந்த் நீல் முதலில் புகழைச் சொல்கிறார், அப்புறம் ஆளைக் காட்டுகிறார். கதை சொல்லும் அனந்த் நாக் குரல் ஒரு வாக்கியம் சொல்லும். அந்த வாக்கியம் காற்றில் நிற்கும்போதே பிம்பம் வந்து அதற்குச் சாட்சி சொல்லும். ஹாலிவுட்டிலிருந்து எடுத்தது என்றார்கள். இருக்கலாம். எனக்கு அது வடாற்காட்டுத் தெருக்கூத்தாகப் பட்டது. கூத்தில் ராஜவேஷம் சும்மா நடந்து வராது. இரண்டு பேர் திரைத்துணி பிடிப்பார்கள். பின்பாட்டு எழும், முகவீணை இழுக்கும். துணிக்குக் கீழே சலங்கைக் கால் தெரியும், துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி ஆடும். கட்டியக்காரன் வருவது யார் என்று பராக்குச் சொல்லிச் சொல்லி ஆவலை ஏற்றுவான். கால் மணி நேரம் கழித்துத் துணி விலகும்போது, அந்த முகம் எப்படி இருந்தாலும் அது துரியோதனன் முகம்தான். படத்தின் நாயகன் ராக்கிக்கும் அப்படித்தான் திரை பிடித்தார்கள். மும்பைத் தெருவில் ஒரு தாயின் கையிலிருந்து ரொட்டி விழ, போக்குவரத்தை நிறுத்திவிட்டு அவன் குனிந்து எடுத்துக் கொடுக்கும் காட்சி இருக்கிறதே, அது திரை கொஞ்சம் விலகி மறுபடி மூடிக்கொள்ளும் தருணம். வில்லன் கருடன் தலை விழும் கடைசி நிமிடம்வரை துணி முழுசாக விலகவே இல்லை.

இரண்டாம் ராத்திரி என்ன செய்வது? எல்லாத் தொடர்ச்சிப் படத்துக்கும் கழுத்தில் கத்தி வைக்கும் கேள்வி அது. வேஷம் கட்டியவன் முகம் ஊருக்கே தெரிந்துவிட்டது. இனித் திரை பிடிப்பதில் அர்த்தம் இல்லை.

பாரதக் கூத்து இதை எப்போதோ தீர்த்துவிட்டது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் ராத்திரிக்கு ராத்திரி கூத்து நடக்கும். ஆனால் ராத்திரிக்கு ஒரு நாயகன். ஒருநாள் அர்ச்சுனன் தபசு, இன்னொரு நாள் கர்ண மோட்சம், கடைசியில் பதினெட்டாம் போர். நேற்று மூலையில் நின்றவன் இன்று கிரீடம் கட்டுவான். சினிமாவுக்கு அந்த வசதி இல்லை. நேற்றைய நாயகனே இன்றும் நாயகன். போஸ்டரில் அவன் முகம்தான் விற்கும். ஆளை மாற்ற முடியாதவர்கள் அளவை மாற்றுவார்கள். துப்பாக்கி பெரிதாகும், எதிரி பெரிதாவான், தாடி நீளும்.

சாப்டர் 2 பெருத்துத்தான் போயிருந்தது. சஞ்சய் தத்தின் அதீரா வைக்கிங் கவசமும் சடையுமாய் வந்து நின்றார். ரவீனா டண்டன் பிரதமராக வந்தார். கதை சொல்லும் குரலே மாறிவிட்டது. அனந்த் நாக் இடத்தில் பிரகாஷ் ராஜ், முன்னவர் மகனாக. இந்த மாற்றத்தை எங்கள் பக்கப் பையன்கள் பலர் மன்னிக்கவே இல்லை. பிரகாஷ் ராஜ் மோசமாகச் சொன்னார் என்பதல்ல அவர்கள் குறை. கட்டியக்காரனை மாற்றினால் நேற்றைய ராஜா மேல் சந்தேகம் வந்துவிடுகிறது, அதுதான் விஷயம்.

அப்படியென்றால் படம் தோற்றதா? ஆயிரம் கோடியைத் தாண்டிய வசூலைக் காட்டி யாரும் என் வாயை அடைக்க வேண்டாம். நான் தொழில் நுணுக்கத்தைப் பேசுகிறேன். அந்த வகையில் இரண்டாம் பாகத்தில் முதல் பாகத்திலேயே இல்லாத சில அற்புதங்கள் உண்டு. கார் துரத்தலில் படம் பாதிப் பாதியாக இருளில் மறைந்து மறைந்து திரும்புகிறது. கண் இமைப்பதுபோல் ஒரு துண்டு காட்சி, ஒரு துண்டு கறுப்பு. கறுப்பில் ஓசை மட்டும் ஓடுகிறது. அடுத்த தடவை வெளிச்சம் வரும்போது கார் எங்கே இருக்கும் என்று நம் மனசு முந்திக்கொண்டு ஓடும். இரும்பு, உறுமி, கோரஸ் எல்லாம் போட்டு ரவி பஸ்ரூர் அரைத்த இசைக்கு நடுவில் அந்தக் கறுப்பு மூச்சு விட இடம் தந்தது. காவல் நிலையத்தைச் சல்லடையாக்கிய பிறகு, பழுத்துச் சிவந்த துப்பாக்கிக் குழாயில் ராக்கி சிகரெட் பற்றவைக்கும் இடமும் அப்படித்தான். நியாயமாகப் பார்த்தால் கேலிக்கூத்து. ஆனால் அவ்வளவு நேரம் கத்திய ஓசை சட்டென்று அடங்கி, குழாயின் செந்நிறம் மட்டும் இருட்டில் மினுங்கும்போது அரங்கில் ஒரு பெருமூச்சு எழுந்தது. மாமாகூட அங்கே சிரிக்கவில்லை.

படத்தொகுப்பாளர் உஜ்வல் குல்கர்னி அப்போது இருபது வயதையொட்டிய பையன். ரசிகர்கள் விளையாட்டாகச் செய்யும் துண்டுத் தொகுப்புகளைச் செய்துகொண்டிருந்தவரை நீல் கூப்பிட்டு உட்கார வைத்தார். இரண்டாம் பாகத்தின் பலமும் நோயும் எனக்கு இந்த ஒரு தகவலில் இருக்கிறது. ரசிகன் வெட்டிய படம் அது. ரசிகனுக்கு எது பிடிக்கும்? உச்சம். நடுவில் இருக்கும் நடை, தண்ணீர் குடிக்கும் நேரம், பேச்சு இல்லாத பேச்சு, இதையெல்லாம் அவன் தன் மனத்தொகுப்பில் ஏற்கெனவே வெட்டி எறிந்துவிட்டான். அதனால் படம் ஒரு உச்சத்திலிருந்து இன்னொரு உச்சத்துக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது. நராச்சியின் சனங்கள் முதல் பாகத்தில் முகங்களாக இருந்தார்கள், இரண்டாவதில் கோஷமாகிவிட்டார்கள். என் வருத்தம் அதில்தான்.

படம் விட்டதும் வழக்கமான பானிபூரிக் கடைக்குப் போனோம். பங்காருபேட்டை பானிபூரித் தண்ணீர் பச்சையாக இருக்காது. பளிங்குபோல் தெளிந்திருக்கும், ஆனால் தொண்டையில் இறங்கியதும் காது அடைக்கும். அங்கே பெங்களூருக்குத் தினம் ரயிலேறும் பையன்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். ராக்கி அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை இவ்வளவு தடவை காட்டணுமா என்றான் ஒருவன். அது இல்லாட்டா படமே இல்லடா என்றான் மற்றவன். ராக்கியே கருடன் மாதிரி ஆகிவிட்டானே, அது தப்பில்லையா என்று மூன்றாமவன் கேட்டான். நல்ல கேள்வி. படம் அந்தக் கேள்வியைத் தொட்டுவிட்டு, அதற்குள் போகாமல் அடுத்த துப்பாக்கிக்குப் போய்விட்டது.

இந்தச் சண்டை உலகச் சண்டை. விண்வெளிப் புராணமான 'ஸ்டார் வார்ஸ்' ரசிகர்கள் 2017 டிசம்பரில் 'தி லாஸ்ட் ஜெடாய்' வந்தபோது இப்படித்தான் இரண்டு பட்டார்கள். நாற்பது வருஷமாக ரசிகர்கள் மனசில் காத்த ஒளிவாளைப் பழைய நாயகன் லூக் ஸ்கைவாக்கர் கையில் கொடுத்தால், அவர் அதைத் தோளுக்குப் பின்னால் வீசி எறிந்துவிட்டு நடக்கிறார். திரையை விலக்கினால் கிரீடத்தைக் கழற்றி வைத்த ராஜா. அது எனக்கு மிகப் பிடித்த காட்சி. பலருக்கு அது அவமானம். 2019இல் வந்த அடுத்த படம் அந்தக் கோபத்துக்குப் பயந்து பலவற்றைத் திருப்பிப் போட்டு, இரண்டு தரப்பையும் இழந்தது. இன்று எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடும் 1980ஆம் வருஷத்து இரண்டாம் படத்துக்கே அன்றைக்குக் கலவையான வரவேற்புதான். ரசிகனுக்குப் பயப்படும் தொடர்ச்சியும், ரசிகனை அளவுக்கு மீறிக் கொஞ்சும் தொடர்ச்சியும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் போய் விழுகின்றன.

அந்தப் படங்களில் லூக் வளரும் பாலைக் கிரகத்துக்கு 'டாட்டூயின்' என்று பெயர். வட ஆப்பிரிக்காவின் துனீசியாவில் ததாவின் என்று நிஜமாகவே ஓர் ஊர் இருக்கிறது. பெயர் அங்கிருந்து போனது. லூக்கின் வீடு என்று காட்டியது மத்மாத்தா என்ற இடத்தில், மண்ணைக் குடைந்து சனங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் வீடுகளில் ஒன்று. குடைந்தவர்கள் பெயர் எந்தப் படத்தலைப்பிலும் வரவில்லை. இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர்ச் சுரங்கத் தொழிலாளர்களின் தட்டி வீடுகள்தான் கண்முன் வந்தன.

விண்வெளி என்றதும் இன்னொன்று. அது எங்கள் ஊருக்குத் தூரமும் இல்லை. 1965இல், காற்றுமண்டலத்தில் பிறந்து வரும் நியூட்ரினோவின் தடத்தை முதன்முதலில் கண்ட இடங்களில் ஒன்று சாம்பியன் ரீஃப் சுரங்கம். டாட்டா ஆராய்ச்சி நிலையமும் ஜப்பானின் ஒசாகா சிட்டி, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்தார்கள். வானத்துத் துகளைப் பிடிக்கப் பாதாளம் போனார்கள். இதை எந்தத் திரைக்கதைக்காரன் சொன்னாலும் நம்ப மாட்டேன். கருவிகள் இறங்கியதும் டிம்பர்மேன்கள் தாங்கிப் பிடித்த அதே குடைவுகளுக்குள்தான்.

2024 ஆகஸ்ட் 15 அன்று பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' வந்தபோது மாமா இரண்டு நாள் முன்பே சட்டை தேய்த்து வைத்தார். வடாற்காட்டுச் சனங்கள் வெள்ளைக்காரனோடு தங்கம் தேடிப் போகிற கதை. மாமாவின் தாத்தா குடியாத்தம் பக்கமிருந்து வந்தவர். நம் கதை கடைசியில் வந்துவிட்டது என்றுதான் போனோம். அதிலும் ஆரத்தி என்ற மாயப்பெண், ரத்தம் பொன்னாவது, காலம் கலைந்து போவது. எனக்குப் பிடித்தது, விக்ரமின் உடல்மொழி மிகவும். பக்கத்து சீட்டில் இருந்த மாமாவுக்கு, தொழிற்சங்கம் எங்கே, தங்கவயலின் 1930 வேலைநிறுத்தம் எங்கே என்ற ஏக்கம். கதை நடப்பது அதற்கெல்லாம் வெகு முந்தி என்று சொல்லிப் பார்த்தேன். அச்சு ஓடாத ஊரா நம்முடையது என்று கேட்டார். அயோத்திதாசர் எழுத்தை அச்சிட்ட சித்தார்த்தா புத்தகசாலை தங்கவயலில்தான் இருந்தது. இவ்வளவும் பேசும் படம் ஒன்று வரட்டும் என்பது நியாயம். ஆனால் புராணத்தின் மேல் வரலாற்றுக் கணக்கைச் சுமத்தினால் இரண்டுமே முதுகு ஒடியும் என்பது என் கட்சி. மாமா அந்தக் கட்சியில் சேரவில்லை.

ஆனால் சாப்டர் 2 பார்த்த அந்தப் புத்தாண்டு ராத்திரி அவர் சொன்னது வேறு. ஐந்தாவது பூரியை வாயில் போட்டுக்கொண்டு நான் முடிவைத் திட்டிக்கொண்டிருந்தேன்: கப்பல் நிறையத் தங்கத்தோடு ராக்கி கடலுக்குள் போவதெல்லாம் வெறும் வீம்பு என்று.

"அது மட்டுந்தான்டா நல்லா கீது" என்றார் மாமா.

"தங்கம் கடல்ல போனதா?"

"கப்பல்ல ஏறி லண்டன் போனா இன்னா, கடலுக்கு அடியில போனா இன்னா, நமக்கு ரெண்டும் ஒண்ணுதான்." தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது காரத்தால். துடைத்துக்கொண்டு, தன்பாட்டுக்குக் கணக்குப் போட ஆரம்பித்தார். கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறையை அரைத்தால் மூணு கிராம், நாலு கிராம். அப்படியென்றால் அம்மாந் தங்கத்துக்கு எத்தனை டன் கல்லை உடைத்திருக்க வேண்டும்?

"செரி, அரைச்ச மண்ண எங்கடா கொட்டனான் அந்த ராக்கி? ஒரு மேடுகூடக் காட்டலயே."

"நம்ம சுரங்கம் அரைச்சுக் கொட்டின சயனைடு மேட்டுமேலதான் மாமா செட்டே போட்டிருந்தாங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு, வீட்டுக்குத் திரும்ப மாரிகுப்பம் வண்டிக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டார்.