‘தன் வெப்ப ஏற்புத்திறன்’ – ஒரு சொல்லாய்வு

அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குதற்கென 1916ஆம் ஆண்டில் சேலம் நகரில் இராசகோபாலாச்சாரியாரும் வெங்கடசுப்பையரும் ஒரு சங்கம் கண்டனர். அக்காலந்தொட்டு எழுந்த வழக்கு, சொல் வடமொழியினின்று வரவேண்டுமா, தனித்தமிழாதல் வேண்டுமா என்பதனையே பெரிதும் பற்றி நின்றது. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் 1938இல் வெளியிட்ட கலைச்சொற் தொகுதியும், 1940இல் அரசு அமைத்த சீனிவாச சாஸ்திரியார் குழுவும் அவ்வழக்கின் இரு தலைகள். ஆக்கிய சொல் பன்னிரண்டு பதின்மூன்று வயது மாணவன் உள்ளத்தில் எப்பொருளை எழுப்பும் என்னும் வினாவோ அத்துணை வன்மையாக எழவில்லை. அவ்வினாவை ஒரு சொல்லின்மேல் வைத்துப் பார்ப்போம்.

தமிழ்நாட்டு எட்டாம் வகுப்பு அறிவியல் நூல் ‘தன் வெப்ப ஏற்புத்திறன்’ என்கிறது. பரமத்தி வேலூர்ப் பக்கத்துச் சிறுவன் சித்திரை நண்பகலில் காவிரி மணலில் கால் வைத்தறியாதவன் அல்லன். மணல் சுடும், இரண்டடி தள்ளி நீர் குளிரும். இவ்விரண்டனுள் எதற்கு வெப்ப ஏற்புத்திறன் மிகுதி என்று வினவின், அவன் மணலுக்கே என்பான். தமிழறிவு நோக்க அவ்விடை பிழையன்று. ஏற்றலாவது கொடுப்பதை வாங்கிக்கொள்ளுதல்; விரைந்து சூடேறியது நன்கு ஏற்றது என்றே அவன் கொள்வான். அறிவியலோ நேர்மாறாகக் கூறும். ஒரு கிலோகிராம் நீர் ஒரு டிகிரி செல்சியசு உயர ஏறத்தாழ 4186 ஜூல் வேண்டும். உலர்ந்த மணலுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கே போதும். இரும்புக்கு ஏறத்தாழ 450 ஜூல். (ஆற்றுநீர் குளிர்ந்திருத்தற்கு ஆழமும் ஓட்டமும் ஆவியாதலும் காரணங்களே, அவற்றை விலக்கினும் வேறுபாடு நிற்கும்.)

இனித் தொகைநிலையை நோக்குவோம். ஆக்கியோர் கருத்து ‘தன் + வெப்ப ஏற்புத்திறன்’ என்பது. இடம்விட்டு அச்சிடுங்கால், ‘தன் வெப்பம்’ என முதலிரு சொற்களும் கூடி, தன்னுடைய வெப்பத்தைத் தானே ஏற்கும் திறன் எனப் பொருந்தாப் பொருள் தோன்றுகிறது. மேலும், ‘ஸ்பெசிபிக்’ என்பது பொருள்வகைக்கு உரியது என்னும் கருத்தினது. அதனை ஈண்டுத் ‘தன்’ என்றோம். ‘ஸ்பெசிபிக் கிராவிட்டி’ என வருமிடத்தோ ‘ஒப்படர்த்தி’ என்றோம். ஓரலகு நிறை என்னும் இன்றியமையாக் கூறு ‘தன்’ என்பதில் வெளிப்படுவதே இல்லை.

இலங்கைத் தமிழ் நூல்கள் ‘தன்வெப்பக் கொள்ளளவு’ என்று வழங்கும். சேர்த்தெழுதினும் ‘தன்வெப்பம்’ என்னும் மயக்கம் அங்கும் உண்டு. ஆயினும் இச்சொல்லே மேலானது என்பது என் துணிபு. ஜோசப் பிளாக் 1760களில் கிளாசுகோவில் இத்துறையை ஆராய்ந்த காலத்தில், வெப்பம் பொருளினுள் புகுந்து தங்கும் ஒருவகைப் பாய்மம் என்னும் கொள்கை செல்வாக்குற்றிருந்தது. கொள்ளளவு என்பது அப்பழங்கொள்கையின் எச்சமே. எனினும் அது பயிற்றற்கு உதவுகிறது. அகன்ற அண்டாவிலும் ஒடுங்கிய செம்பிலும் ஒரு விரற்கடை நீர்மட்டம் உயர்த்தப் புகின் அண்டாவிற்கே மிகுதியான நீர் வேண்டும். நீர்மட்டம் வெப்பநிலையாகவும் ஊற்றும் நீர் வெப்பமாகவும் கொண்டால், சிறுவன் மயங்கான். குடம் நிரம்பி வழிதல்போல வெப்பத்திற்கு ஒரு விளிம்பு உண்டெனக் கருதிவிடாமல் ஆசிரியர் காத்தல் வேண்டும், அவ்வளவே.

‘வெப்பத் தேவை’ எனச் சொல்லலாமே எனின், பொருள் குளிருங்கால் வெளியிடும் வெப்பத்தை அச்சொல் தழுவாது.

ஏற்புத்திறன் என்பார்க்கும் ஒரு நியாயம் உண்டு. நாமக்கல் லாரிகளின் ரேடியேட்டரில் ஓடும் நீர், எஞ்சினின் வெப்பத்தை மிகுதியாக வாங்கியும் தான் சிறிதே சூடேறுகிறது. ஆண்டு ‘ஏற்பு’ முற்றும் பொருந்தும். ஆனால், ஒரே அளவு வெப்பநிலை உயர்வுக்குள் எவ்வளவு ஏற்கிறது என்னும் வரையறையை முன்னரே அறிந்தவர்க்கன்றோ அப்பொருத்தம் புலனாகும்? நூலாசிரியர் சொல்லை முதலில் நிறுத்தி விளக்கத்தைப் பின்னே வைக்கின்றனர். ‘ஒரு கிலோகிராம், ஒரு டிகிரி உயர’ என்னும் தொடரை முன்வைத்து, மணலையும் நீரையும் அளந்து காட்டியபின் பெயரிடுவதே முறை; பெயரையும் ‘தன்-வெப்பஏற்புத்திறன்’ எனப் பிரிப்பு விளங்க அச்சிடல் வேண்டும்.