பிடிபட்ட ஆசைகள்

'கென்ஷிகென்' என்ற ஜப்பானிய அனிமே ஒரு கண்ணியில் தொடங்குகிறது. பல்கலைக்கழக மன்றமொன்றில் சேர வந்த சசஹாராவை அறையில் தனியே விட்டுவிட்டு மூத்த மாணவர்கள் வெளியேறுகிறார்கள். அலமாரியில் பாலியல் படக்கதைகள். அவன் கை அங்கே நீள்கிறதா என்று மறைந்திருந்து பார்க்கிறார்கள். நீள்கிறது. பிடிபட்டவன் கூனிக் குறுகுகிறான். அதோடு அவர்களில் ஒருவனாகியும் விடுகிறான். ஆணின் ஆசை வெளிப்பட்டால் கிடைப்பது கேலி; கேலிக்குப் பின்னால் தோழமை.

கியோ ஷிமோகு 2002 முதல் 2006 வரை தொடராக வரைந்த மங்கா 2004இல் அனிமே ஆனது. அனிமே, மங்கா, வீடியோ கேம் பித்துப் பிடித்தவர்களை ஜப்பானில் ஒடாகு என்பார்கள். அப்படிச் சிலர் ஓர் அறையில் கூடிப் பேசுவதும் புத்தகம் வாங்குவதும்தான் மொத்தக் கதை. காதலன் கோசகாவை இவர்களிடமிருந்து மீட்டுப்போக வந்த சகி இவர்களைத் திட்டித் தீர்க்கிறாள். அவள் வாய்த்துடுக்கை ரசிக்கிறோம். ஆனாலும் ஆண்கள் விளையாட, பெண் பொறுப்பாகக் கண்டிக்கும் பழைய ஏற்பாடுதான் இதுவும்.

இந்த ஏற்பாட்டைக் குலைப்பவள் ஒகியுவே. ஒடாகுக்களைப் பிடிக்காது, அதிலும் பெண் ஒடாகுக்களை அறவே பிடிக்காது என்று முறைத்தபடி உள்ளே வருகிறாள். அவளே ஒரு ஃபுஜோஷி. ஆணும் ஆணும் காதலிக்கும் கதைகளை விரும்பி வரைகிறவள். நடுநிலைப் பள்ளியில் படித்தபோது, தன்னோடு பழகிய பையனையே அப்படியொரு கதையில் வரைந்தாள். தோழிகள் ஊக்கினார்கள். படங்கள் அவன் கைக்கே போய்ச் சேர்ந்தன. அவன் பள்ளியை விட்டுப் போனான். அவள் பள்ளி மாடியிலிருந்து குதித்தாள்.

இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பது நியாயமே. சசஹாரா புரட்டியது அச்சிட்ட கற்பனை. ஒகியுவே வரைந்தது உயிருள்ள ஒருவனை. அந்தப் பையனின் காயம் பொய்யல்ல. ஆனால் ஊக்கியவர்கள், கொண்டுபோய்க் காட்டியவர்கள் எவரும் எந்த விலையும் கொடுக்கவில்லை. வரைந்தவள் மட்டும் உயிரையே கொடுக்கப் பார்த்தாள். தப்பிப் பிழைத்த பிறகும் தன்னைப் போன்ற பெண்களை வெறுப்பதைத் தண்டனையாக ஏற்றுக்கொண்டாள். சமூகம் செய்யும் காவலைப் பெண் தன் மனத்துக்குள்ளேயே செய்யத் தொடங்குவதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய நகைச்சுவைக் கதைகள் குறைவு. இது முழுமையாக வருவது மங்காவில்தான். 2007இல் வந்த இரண்டாம் அனிமே தொடர் அந்த இடத்தை எட்டும் முன்பே முடிந்துவிடுகிறது.

அவளை மீட்பது யார்? சசஹாரா. தன்னையும் நண்பன் மதராமேயையும் இணைத்து அவள் வரைந்த பக்கங்களை அவன் வாசிக்கிறான், அருவருக்கவில்லை, காதலை ஏற்கிறான். கனிவான கட்டம்தான். ஆனால் பெண்ணின் கற்பனைக்கு ஓர் ஆண் வாசித்துச் சான்றிதழ் தர வேண்டியிருக்கிறது. அவன் முகம் சுளித்திருந்தால்? அந்தக் கேள்வியைக் கதை எழுப்புவதில்லை.

விடை சற்றே வேறு வடிவில் பின்னால் வருகிறது. 2010இல் தொடங்கி, 2013இல் அனிமேயான இரண்டாம் தலைமுறைக் கதையில் ஒகியுவேதான் மன்றத் தலைவி. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் பெண்கள். யாரை யாரோடு இணைக்கலாம் என்று உரக்கப் பேசுகிறார்கள். எவரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. ஹாதோ என்ற ஆண் மாணவன் பெண்ணுடை தரித்து அவர்களோடு வந்து உட்காருகிறான். பிற்பகுதியில் கதை மதராமேயை மையமாக்கி, யார் அவனை அடைவது என்று திசைமாறுவது பெரிய குறை. இருந்தாலும் அந்த அறையில் பெண்களின் சிரிப்பொலி கேட்டுவிட்டது.

'ஃபுஜோஷி' என்ற சொல் பெண்களைக் குறிக்கும் பழைய சொல்லின் ஒலியிலேயே அமைந்தது. ஓர் எழுத்தை மாற்றினால் 'அழுகிய பெண்' என்று பொருள். பெண்களே தம்மைக் கேலியாக அப்படி அழைத்துக்கொண்டார்கள். இத்தனைக்கும் ஒடாகு உலகத்துக்கு அவர்கள் விருந்தாளிகள் அல்லர். கதையில் வரும் புத்தகத் திருவிழாவுக்கு முன்மாதிரியான காமிக்கெட் 1975இல் டோக்கியோவில் தொடங்கியபோது, வந்தவர்களில் பெரும்பான்மையினர் பெண்களே.

சசஹாரா பிடிபட்டபோது அவனுக்கு ஓர் அறை இருந்தது. ஒகியுவே பிடிபட்டபோது அவளுக்கு ஒரு மொட்டைமாடிதான் இருந்தது. ஆசைப்படுவதில் இருவருக்கும் வேறுபாடில்லை. பிடிபட்ட பிறகு போய் உட்கார ஓர் இடம் இருந்ததா என்பதில்தான் வேறுபாடு.