தட்டுக்கொரு வெட்டு

கைத்தொலைபேசியே கமராவாகிவிட்ட இக்காலத்தில், பாடலுக்குக் காட்சியமைத்துக் காணொளியாக்கும் முயற்சி எமது மாணவரிடையே பரவி வருகின்றது. இதனை வெறும் சினிமா மோகம் என ஒதுக்கிவிடும் ஆசிரியருடன் எமக்கு உடன்பாடில்லை. பெரும் பணம் படைத்தோரின் தனியுரிமையாயிருந்த கலைச் சாதனமொன்று சாதாரணர் கைக்கு வருதல் நல்லதே. எனினும் சாதனம் கைமாறியவுடன் பார்வையும் மாறிவிடும் என நம்பிவிடலாகாது.

அண்மையில் மாணவர் சிலரின் காணொளியொன்று உருவாகுகையில் உடனிருக்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. தொழில்நுட்பத்தை அவர்கள் விரைவிற் கற்றுக்கொண்டனர். பாடலை ஒலிக்கவிட்டு, பாடுபவரை முழுவதற்கும் வாயசைக்கச் செய்து, தூரத்திலிருந்து ஒருமுறை, இடுப்பளவில் ஒருமுறை, முகத்தை மட்டும் ஒருமுறை எனப் படம்பிடித்தனர். கைத்தொலைபேசி சீரான வேகத்திற் சட்டங்களைப் பதியாமையால், பாடலின் இறுதியில் உதடும் குரலும் பிரிந்தன. வினாடிக்கு 25 சட்டம் என நிலைப்படுத்தி மாற்றியபின் அது சீராயிற்று. பாடலோ நிமிடத்துக்கு 120 தட்டுக்கள் கொண்டது. தட்டொன்றுக்குப் பன்னிரண்டரைச் சட்டம். அரைச் சட்டத்தை வெட்ட எவராலும் இயலாது. ஆயினும் தட்டுக்கொரு வெட்டு வைத்தே தீருவதென அவர்கள் இரவிரவாக உழைத்தனர்.

பாடல் காதற் பாட்டு. களம் தேயிலை மலை. காதலர்க்குப் பின்னால் கொழுந்து பறிக்கும் பெண்கள் பச்சை நிறத்தின் ஒரு பகுதியாகவே வந்து போகின்றனர். ஓரிடத்தில் மட்டும், முதுகிற் சுமையுடன் நின்ற ஒருவர் தலை நிமிர்த்திக் கமராவை நேராக நோக்குகின்றார். அத்துண்டு நீக்கப்பட்டது. காரணம் கேட்டோம். “அவ கமராவைப் பாத்திட்டா, சேர். அது பிழை” என்றார் தொகுத்த மாணவர்.

நாம் அவர்களுக்குக் கியூபக் கலைஞர் சந்தியாகோ அல்வாரெஸின் ‘நௌ’ என்னும் படத்தைக் காட்டினோம். ‘இப்பொழுதே’ என்பது அப்பெயரின் பொருள். 1965இல் வெளிவந்த அது ஆறு நிமிடமளவே ஓடுவது. லீனா ஹோர்ண் பாடிய ஒரே பாடலின் மீது அமைந்தது. அல்வாரெஸ் திரைத்துறைக்கு வந்ததே ஏறத்தாழ நாற்பது வயதில். அமெரிக்கப் பொருளாதாரத் தடைக்குள் இருந்த நாட்டில் அவருக்குக் கிடைத்தவை சில செய்திப்படத் துண்டுகளும் அமெரிக்கச் சஞ்சிகைகளில் வந்த புகைப்படங்களுமே. கறுப்பின மக்கள் மீது பொலிசாரும் அவர்தம் நாய்களும் பாயும் படங்கள் அவை. இல்லாமையே அவருடைய முறையைத் தீர்மானித்தது. அசையாத புகைப்படத்தினுள் கமரா அசைகின்றது: கையிலிருந்து முகத்துக்கு, முகத்திலிருந்து தடிக்கு. பாடல் விரையும்போது வெட்டும் விரைகின்றது. ஆனால் விரைவுக்குக் காரணம் தாளம் மட்டுமன்று, சினம். முடிவில் துப்பாக்கிக் குண்டுகள் துளைத்தே தலைப்புச் சொல் எழுதப்படுகின்றது. இம்முடிவு சற்று உரத்ததென்பது எமது அபிப்பிராயம். மாணவர்க்கோ அதுவே மிகவும் பிடித்திருந்தது!

எம்மைக் கவர்ந்தது பிறிதொன்று. அப்படத்தில் எம்மை நோக்கும் முகங்களை அல்வாரெஸ் விலக்கவில்லை. அவற்றிலேதான் நின்று நிதானிக்கின்றார். எமது மாணவர் பிழையெனக் களைந்ததை அவர் பொருளாகக் கொண்டார். உருவம் வேறு, உள்ளடக்கம் வேறு என வாதிடுவோர் இவ்விரு வெட்டுக்களையும் அருகருகே வைத்துப் பார்த்தல் நன்று.

நீக்கிய துண்டை மீண்டும் சேர்த்துப் பார்த்தனர். நான்கு வினாடி. அப்பார்வைக்குப் பின் காதலர் சிரிப்பு நிலைக்கவில்லை. “இதை வைச்சா பாட்டுக் கெட்டுப்போகும்” என்றார் ஒரு மாணவி. அவர் கூறியது முற்றிலும் சரியே. பாட்டை மாற்றுவதா, துண்டை விடுவதா என்ற வாதம் நெடுநேரம் நீடித்தது. படம்பிடிக்க அப்பெண்ணிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை என்பது அவ்வேளையிலேதான் எமக்கும் உறைத்தது. உடனிருந்த நாமும் கேட்கத் தவறியவர்களே. அடுத்த ஞாயிறு அத்தோட்டத்து லயத்துக்குச் சென்று, முதலில் அவருக்கே அதனைக் காட்டுவதென முடிவாயிற்று.